நேத்துதான் ஆரம்பிச்சது

குழாய்க்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்கிற கேள்வி, “எப்பலேர்ந்து அடைச்சிருக்கு?” என்பதுதான். இத்தனை வருஷத் தொழிலில் அதற்கு அவருக்குக் கிடைத்த பதிலும் ஒன்றேதான்: “நேத்துதாங்க.”

தொட்டியில் தண்ணீர் கறுத்துப்போய் நாற்றம் தெருமுனைவரை வரும். சுவரில் ஈரம் ஆள் உயரத்துக்கு ஏறியிருக்கும். கேட்டால் நேற்றுதான்! குழாய்க்காரர் மறுத்துப் பேசமாட்டார். மனதுக்குள் மூன்று மாதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து நீளக் கம்பியை எடுப்பார். உள்ளே இருந்து தலைமுடி வரும், பொம்மைக் கை வரும், சில வீடுகளில் வரக்கூடாததெல்லாம் வரும். எது வந்தாலும் பழைய பேப்பரில் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, “பழைய குழாய்ங்க, அதான் அடைச்சுக்கிச்சு” என்பார். வீட்டுக்காரர்களுக்கு உயிர் திரும்பி வரும். அதனாலேயே அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் மருமகளிடம் சொல்வார்: “அடைப்பை எடுக்கிறது பாதி வேலைம்மா. எடுத்ததை வெளியில சொல்லாம இருக்கிறது மீதி வேலை. அடுத்தவங்க மானம் நம்ம கையில இருக்கு.” ரொட்டிக் கடையில் காலை வேலை முடித்துவிட்டு வந்த களைப்பிலும் மருமகள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். அவருடைய மனைவி மட்டும், “சாப்பிடுற நேரத்துல பேசுற பேச்சா இது?” என்று தட்டை நகர்த்துவாள்.

நல்ல கொள்கைதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஊரார் குழாயிடம் செல்லுபடியாகிற கொள்கை சொந்தக் குடலிடம் செல்லுபடியாகுமா?

முதல் தடவை வலி வந்தபோது முழங்காலுக்கு மேலே வந்தது. வருஷக்கணக்காக மண்டிபோட்டு வேலை செய்கிற ஆள் அல்லவா, தொழில் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தார். எலும்பில் புற்று என்று தெரிந்தபோது கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது. கெட்டுப்போன எலும்பை வெட்டி எடுத்து உலோகத் தண்டு வைத்தார்கள். கீமோ கொடுத்தார்கள். தலை மொட்டையானது. “இனிமே என்னால எந்த வீட்டுக் குழாயும் அடைக்காது” என்று அதற்கும் ஒரு ஜோக் சொன்னார். பிறகு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடி சின்னச் சின்ன வேலைகள் பார்த்தார். மூன்று வருஷம் அப்படி நல்லபடியாகவே போனது.

அதற்கப்புறம் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை இடுப்பு எலும்பில் ஒன்று, நுரையீரலில் புள்ளி புள்ளியாக இரண்டு. வெட்டி எடுக்கிற இடத்தில் இல்லை என்றார்கள். கீமோ ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்த வழியைச் சொன்னது சின்ன டாக்டர். சின்ன டாக்டர் என்றால் வயதில் சின்னவள். குழாய்க்காரருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். பெரிய டாக்டருக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க உடம்புக்குள்ளயே காவல்காரங்க இருக்காங்க” என்று ஆரம்பித்தாள். “இந்தக் கட்டி என்ன பண்ணுதுன்னா, ‘நானும் இந்த வீட்டு ஆளுதான்’னு சொல்லி அவங்களை ஏமாத்தி உக்காரவெச்சிடுது. இம்யூனோதெரபின்னு ஒரு மருந்து. ட்ரிப்ஸ்ல ஏத்துவோம். அது அந்த ஏமாத்து வேலையை உடைக்கும். காவல்காரங்க எழுந்து அடிக்க ஆரம்பிப்பாங்க.”

“அப்ப முடிஞ்சுது வேலை!”

“அவ்வளவு சுலபமில்ல. எலும்புல வர்ற புற்றுக்கு அதை மட்டும் தனியா குடுத்தா பெருசா ஒண்ணும் நடக்கிறதில்ல. அதனால சேத்துக் குடுக்கிறோம். மொதல்ல இடுப்புக்கு ரேடியேஷன். அதோட ட்ரிப்ஸ். உடம்பு தாங்குச்சுன்னா, கட்டிக்கு ரத்தம் போற வழியை அடைக்கிற மாத்திரை ஒண்ணு. இப்படியும் நிச்சயம்னு சொல்லமாட்டேன். சில பேருக்குக் கேக்குது, நிறையப் பேருக்குக் கேக்கிறதில்ல.”

“காலமெல்லாம் அடைப்பை எடுத்தவனுக்கு, அடைப்பு போடுற மாத்திரையா? சரியாப் போச்சு போங்க.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு சொன்னாள்: “சேத்துக் குடுக்கிறதுல ஒரு தொல்லை இருக்கு. ஏதாவது கோளாறு வந்தா எதனால வந்துச்சுன்னு நாங்க கண்டுபிடிக்கணும். ட்ரிப்ஸுக்கும் வயித்தால போகும், மாத்திரைக்கும் போகும். வைத்தியம் வேற வேற. மாத்திரையால வந்ததுன்னா நிறுத்தினா நின்னுடும். ட்ரிப்ஸால வந்ததுன்னா காவல்காரங்க உங்க குடலையே அடிக்கிறாங்கன்னு அர்த்தம். உடனே ஸ்டீராய்டு குடுக்கணும், இல்லைன்னா குடல் புண்ணாயிடும். அதனால என்ன வந்தாலும் சொல்லணும். எப்ப வந்துச்சுன்னு சரியா சொல்லணும்.”

“அதைச் சொல்லாம என்னங்க டாக்டரம்மா!” என்று பெரிய மனுஷத்தனமாகத் தலையை ஆட்டினார் குழாய்க்காரர். கூடவே மனைவியும் ஆட்டினாள்.

ட்ரிப்ஸ் ஏற்றுகிற கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டர், நுரையீரல் கேஸ். அவர்தான் குழாய்க்காரர் பக்கம் சாய்ந்து குசுகுசுவென்று ஓதினார்: “எல்லாத்தையும் கக்கிடாதீங்கண்ணே. நான் உளறிட்டு மாட்டிக்கிட்டேன். வயித்தால போகுதுன்னு சொன்னேன், போன மாசம் மருந்தை நிறுத்திட்டாங்க. இன்னிக்கு என்ன சொல்லப்போறாங்களோ, பாக்க வந்திருக்கேன்.” படித்தவர்கள் சொன்ன நூறு வார்த்தை ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று. கண்டக்டர் சொன்ன ஒரு வார்த்தை நெஞ்சில் ஆணியடித்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது ட்ரிப்ஸ் முடிந்த வாரமே வயிறு கழன்றது.

முதலில் காலையில் இரண்டு தடவை. பிறகு நாலு. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரமும் நிற்கவில்லை. ட்ரிப்ஸ் கூடத்தில் நர்ஸ் சத்தமாகக் கேட்பாள்: “வெளிக்கி எப்படிப் போகுது? எத்தனை தடவை?” சுற்றிலும் இருபது பேர். ஒரு பக்கம் மனைவி. சில நாள் மருமகளும் கூட வந்திருப்பாள். மருமகள் முன்னால் மாமனார் இதற்கா பதில் சொல்வது? மனைவியைத் தண்ணீர் வாங்கிவர அனுப்புவார், மருமகளை மருந்துச் சீட்டோடு கீழே அனுப்புவார். அவர்கள் போன பிறகாவது உண்மையைச் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. “எல்லாம் நார்மல் சிஸ்டர்” என்பார். அந்த ‘நார்மல்’ என்ற சொல்லை அவ்வளவு அழகாகச் சொல்வார்.

மூன்றாவது ட்ரிப்ஸோடு மாத்திரையும் சேர்ந்தது. வயிறு இன்னும் மோசமானது. ஒரு நாள் ஒரு வீட்டில் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோதே முட்டிக்கொண்டு வந்துவிட்டது. “ஃப்ளஷ் டேங்கையும் ஒரு தடவை பாத்துடறேம்மா” என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக் கழிப்பறைக்குள் ஓடினார். கெட்டுப்போகாத டேங்கைக் கால் மணி நேரம் ரிப்பேர் பார்த்தார் மனிதர்! வெளியே வந்தபோது வீட்டுக்காரம்மா கவலையோடு, “பெரிய ரிப்பேருங்களா?” என்று கேட்டாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்தினார். கால் வலி என்று வீட்டில் காரணம் சொன்னார்.

கால்சட்டை கெட்டுப்போகிற நாட்கள் மாத்திரைக்கு முன்னாலேயே, இரண்டாவது ட்ரிப்ஸ் வாரத்திலேயே தொடங்கியிருந்தன. அதைக் குளிக்கும்போது தானே அலசி, வாளியில் போட்டு மூடி, நொண்டி நொண்டி மாடியேறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் காயப்போடுவார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அவருக்கு இருண்டுவிட்டதாகத்தான் எண்ணம்.

இதற்கு நடுவில் ஸ்கேன் வந்தது. இடுப்புக் கட்டி சுருங்கியிருந்தது. நுரையீரல் புள்ளிகளில் ஒன்றைக் காணவே இல்லை. சின்ன டாக்டர் படத்தைக் காட்டி, “இவ்வளவு நல்லா கேக்கும்னு நானே நெனைக்கல” என்றபோது அவள் குரலே மாறியிருந்தது. மனைவி அங்கேயே முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த நிமிஷத்தில் குழாய்க்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். குடல் போனால் போகட்டும். இந்த மருந்தை நிறுத்த விடக்கூடாது. வாயைத் திறந்தால்தானே நிறுத்துவார்கள்?

ஆனால் முகம் வாயைக் கேட்டுக்கொண்டா வாடுகிறது? நாலாவது ட்ரிப்ஸுக்குப் போன அன்று மனைவி, அவர் தண்ணீர் கேட்டு அனுப்புவதற்கு முன்னாலேயே முந்திக்கொண்டாள்.

“டாக்டரம்மா, இவர் மூஞ்சியப் பாருங்க. வத்தலாட்டம் வத்திப்போயிட்டாரு. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு.”

சின்ன டாக்டர் அவர் கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். “வயிறு எப்படி இருக்கு?”

இனி முழுதாக மறைக்க முடியாது. கொஞ்சம் கொடுத்து மீதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தார்.

“லேசா போகுதுங்க. ரெண்டு தடவை.”

“எப்பலேர்ந்து?”

தன் வாயிலிருந்து அது வந்ததை அவரே காதால் கேட்டார்.

“நேத்துதாங்க.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் இதே பதிலைச் சொல்லிவிட்டு இதே மாதிரி வேறு பக்கம் பார்த்திருக்கிறார்கள். ஒருவரைக்கூட அவர் நம்பியதில்லை. இவள் நம்பினாள்.

“நேத்துன்னா மாத்திரையாத்தான் இருக்கும். அதுக்கு இது வழக்கம்தான்” என்றாள். “மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திப் பாக்கலாம். ட்ரிப்ஸ் இன்னிக்குப் போடலாம். ஆனா ரெண்டு நாள்ல நிக்கலைன்னா, ரத்தம் பட்டுச்சுன்னா, உடனே எனக்கு போன் பண்ணணும். சரியா?”

“பண்றேங்க.”

புண்ணாகிக் கிடந்த குடலின் மேல் நாலாவது ட்ரிப்ஸ் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

இரண்டு நாளில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் ரத்தம் பட்டது. போன் அலமாரி மேல்தான் இருந்தது. அதை எடுத்துக்கூடப் பார்த்தார். ‘நேத்துதான்னு சொன்னீங்களே?’ என்று அந்தப் பெண் கேட்டுவிட்டால்? திரும்ப வைத்துவிட்டார். சொன்ன பொய்க்குக் காவல் காக்கிற வேலை பொய் சொல்வதைவிடப் பெரிய வேலை.

ஐந்தாம் நாள் மத்தியானம் கழிப்பறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. மகன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், ஊரில் இல்லை. மருமகள் வேலையிலிருந்து வந்த நேரம். அத்தை கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கதவுக்கு உறுதியான தாழ்ப்பாள் போட்டவர் அவரேதான். தள்ளினாலா திறக்கும்? மருமகள் ஓடிப்போய் அவருடைய தொழில் பையிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்து வந்து, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் பலகை பிளக்கும்வரை அடித்தாள்.

எந்த உயிரின் கண்ணில் படக்கூடாது என்று ரெண்டு மாதமாக மாடிக்கும் வீட்டுக்கும் நொண்டி நொண்டி அலைந்தாரோ, அந்த உயிரே எதிரில் நின்றது. அவர் தரையில் கிடந்தார். எப்படிக் கிடந்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை; அவ்வளவு மரியாதையாவது அவருக்கு மிஞ்சட்டும். நினைவு பாதி இருந்தது. “நீ போம்மா... நீ போ” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் போகவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி, போர்வையில் சுற்றி, தூக்கி உட்காரவைத்தது அவள்தான். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று அவர் அப்போது வேண்டிக்கொண்டது மெய்.

ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் நீளத்துக்கும் புண். நரம்பில் ஸ்டீராய்டு ஏறத் தொடங்கியது. மறுநாள் காலை பெரிய டாக்டர் படுக்கைக்கே வந்துவிட்டார். கூடவே சின்ன டாக்டர். தலைமாட்டில் மனைவி, கால்மாட்டில் மருமகள்.

“இந்த நிலைமையில இருந்த ஆளுக்கா ட்ரிப்ஸ் போட்டீங்க?” என்று பெரிய டாக்டர் சின்ன டாக்டரைப் பார்த்துக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“நேத்துதான் ஆரம்பிச்சதுன்னு சொன்னார் சார்.”

“நோயாளி ஆயிரம் சொல்வார். ரெண்டு மருந்தைச் சேத்துக் குடுக்கிறப்ப துருவித் துருவிக் கேக்க வேண்டாமா? இது ஒரு நாள் புண்ணா?”

அவள் கழுத்துவரை சிவந்துபோய் நின்றாள்.

குழாய்க்காரருக்கு எல்லாம் கேட்டது. ‘நான்தாங்க பொய் சொன்னேன்’ என்று மூன்று வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வாய் திறக்கவில்லை அவர். மனைவி இருக்கிறாள், மருமகள் இருக்கிறாள், பக்கத்துப் படுக்கைக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். சொந்த மானத்தைக் காப்பாற்ற, தன்னைக் காப்பாற்றப் பார்த்த பெண்ணின் மானத்தை விற்றார். அட, இதுவும் ஒரு மனிதன் செய்கிற காரியமா!

பெரிய டாக்டர் போகிறபோது முடிவையும் சொல்லிவிட்டுப் போனார். “ட்ரிப்ஸ் இனிமே இவருக்குக் கிடையாது. மாத்திரை ஆரம்பிச்சப்புறம்தான் தொந்தரவுன்னா, மாத்திரையையும் மறுபடி தொட பயமா இருக்கு. ரெண்டும் வேண்டாம்.”

ரெண்டும் வேண்டாமென்றால் அப்புறம் என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டாள். பதில் சொல்ல அங்கே யாரும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “அந்தப் பொண்ணு நல்லாத்தானே கேட்டுச்சு. பாவம், எதுக்குத் திட்டு வாங்குது?” என்றாள். குழாய்க்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் சின்ன டாக்டர் தனியாக வந்தாள். வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தாள். வலிக்கிறதா என்று, முன்பெல்லாம் கேட்ட அதே குரலில்தான் கேட்டாள். கோபித்துக்கொண்டாலாவது தேவலை. அந்தக் குளிர்ந்த கை வயிற்றில் பட்டதும் அவருக்குத் தாங்கவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் போய்த் தண்ணி...” என்று வழக்கம்போல ஆரம்பித்தார். மனைவி பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தும் விட்டாள். அவளுடைய கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“வேணாம். நீயும் கேளு. டாக்டரம்மா, நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

சின்ன டாக்டர் கையை எடுத்தாள்.

“நேத்து ஆரம்பிச்சது இல்லைங்க. அதுக்கு முன்னாலேயே...”

“எவ்வளவு முன்னால?”

“ஒரு... ஒரு ரெண்டு வாரம் இருக்கும்.”

பாருங்கள் கூத்தை! பாவத்தை ஒப்புக்கொள்கிறபோதும் மனிதர் அதில் பாதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறார். ரெண்டு வாரம் என்றாலும் பழி மாத்திரை மேல்தான் விழும். மாத்திரை தொடங்கி அதற்கு மேலேயே ஆகிவிட்டதே. சின்ன டாக்டர் பெருமூச்சு விட்டாள். “அப்ப மாத்திரையும் போச்சு” என்று எழுந்தாள்.

“ரெண்டு வாரமில்ல டாக்டர்.”

கால்மாட்டிலிருந்து மருமகள் பேசினாள். இதுவரை அந்த அறையில் அவள் வாயே திறந்ததில்லை.

“ரெண்டாவது ட்ரிப்ஸ் போட்ட வாரத்துலேர்ந்து. மாத்திரையே அப்ப குடுக்கல.”

“உனக்கு எப்படிம்மா...” என்று கேட்க ஆரம்பித்த குழாய்க்காரரை அவள் முடிக்கவிடவில்லை.

“தெரியும் மாமா. நீங்க அலசிப்போட்டா அழுக்கு போகுமா? நீங்க கீழ எறங்கினதும் நான் போய் எடுத்து, சோப்புப் போட்டுத் துவைச்சு, மறுபடியும் அதே எடத்துல, நீங்க போட்ட மாதிரியே போட்டுட்டு வருவேன். தினமும்.” அவளுக்கு அழுகை முட்டியது. “கேக்கலாம்னு வாய் வரைக்கும் வரும். மாமனார்கிட்ட இதைப் போய் எப்படிக் கேக்கிறது? அத்தைகிட்ட சொன்னா உங்களுக்கு எவ்வளவு கேவலமா இருக்கும்? உங்க மானத்தைக் காப்பாத்துறேன்னு நெனச்சேன். ரத்தக்கறையும் பாத்தேன் மாமா. பாத்துட்டும் துவைச்சுப் போட்டேன்.”

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தண்ணி பாட்டிலா?” என்றாள். அதில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது.

சின்ன டாக்டர் திரும்ப உட்கார்ந்தாள். மாத்திரைக்கு முன்னாலேயே என்பது உறுதிதானா என்று மருமகளிடம் திருப்பித் திருப்பிக் கேட்டாள். ரொட்டிக் கடையில் எந்த வாரம் எந்த ஷிப்ட் என்பதை வைத்து அவள் பிசகில்லாமல் சொன்னாள். “அப்ப இது ட்ரிப்ஸோட வேலை” என்றாள் டாக்டர். “மாத்திரை இதைக் கிளறிவிட்டிருக்கலாம், ஆரம்பிச்சது அது இல்ல. குடல் ஆறினப்புறம் மாத்திரையைக் குறைஞ்ச அளவுல குடுத்துப் பாக்கலாம். பெரிய டாக்டர்கிட்ட பேசறேன்.”

“நீங்க பேசவேண்டாம். நான் சொல்றேன்” என்றார் குழாய்க்காரர்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தபோது பின்னால் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டமாக நின்றார்கள். அவ்வளவு பேர் முன்னாலும் சொன்னார். “இந்த அம்மா ஒழுங்காக் கேட்டாங்க சார். நான்தான் பொய் சொன்னேன். நேத்து நீங்க அவங்களைத் திட்டினப்ப முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்.” பிள்ளைகளில் ஒருவன் குனிந்து செருப்பைப் பார்த்தான். சின்ன டாக்டர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னித்தாளா இல்லையா என்பது அவர் பார்க்கக்கூடிய இடத்தில் இல்லை. கேட்கவும் அவருக்கு முகம் இல்லை.

பெரிய டாக்டர் மருமகள் சொன்ன கணக்கையும் கேட்டுக்கொண்டார். மாத்திரைக்குச் சம்மதம் என்றார். ட்ரிப்ஸ் கிடையாது என்பதில் மாற்றமில்லை.

“ஒண்ணு கேக்கலாங்களா?” என்றார் குழாய்க்காரர். “மொத வாரமே சொல்லியிருந்தா?”

பெரிய டாக்டர் உள்ளதைச் சொன்னார்.

“மொத வாரமே சொல்லியிருந்தா, ஒரு மாசம் ட்ரிப்ஸை நிறுத்தியிருப்போம். ஸ்டீராய்டு மாத்திரை குடுத்திருப்போம். குடல் ஆறினதும் அநேகமா மறுபடியும் ஆரம்பிச்சிருப்போம். உங்களுக்கு நல்லா கேட்டுக்கிட்டிருந்த மருந்து அது.”

அவர்கள் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்கள். குழாய்க்காரர் தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடினாரோ, வாயை மூடியே அதை நிறுத்திக்கொண்டார். இனி அந்த ஒரு மாத்திரையை நம்பி இருக்க வேண்டும். அது தனியாக எவ்வளவு தூரம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. மனைவி முகம் கழுவிவருகிறேன் என்று வெளியே போனாள். அழப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

மருமகள் கால்மாட்டிலேயே தலையைக் குனிந்து நின்றாள். அவளும் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டாள் அல்லவா?

“நீ ஏம்மா தலையைக் குனியுற? வெக்கப்பட வேண்டியவன் நான்.”

“நானும்தான் மாமா” என்றாள் அவள், நிமிராமல்.

அந்த நேரத்தில்தான் வயிறு இரைந்தது. சொல்லாமல் அடக்கிப் பார்த்தார். மனைவி வந்துவிடுவாளா என்று வாசலைப் பார்த்தார். வரவில்லை. மருமகள் கட்டிலுக்கடியிலிருந்து பாத்திரத்தை எடுத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று இன்னமும் தயங்கிக்கொண்டே நின்றாள். முகம் எரிந்தது அவருக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“சீக்கிரம் குடும்மா” என்று கையை நீட்டினார். “காலையிலேர்ந்து இது நாலாவது தடவை. நர்ஸ்கிட்ட சொல்லிடு.”